இது சூட்டுப் புண் அல்ல

வாயில் புண் வராத குழந்தை தமிழ்நாட்டில் உண்டா, சகோதரிகளே? நாக்கு நுனியில் ஒரு கொப்புளம், உதட்டின் உட்பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி. "உடம்பு சூடு" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். தலைக்கு நல்லெண்ணெய், ஒரு வேளை மணத்தக்காளிக் கீரை, இரண்டு வேளை மோர். நாலைந்து நாளில் புண் ஆறிவிடுகிறது. சூட்டைத் தணித்துவிட்டதாக நமக்கு ஒரே பெருமை! சாதாரண வாய்ப்புண் எதுவும் செய்யாவிட்டாலும் தானாகவே ஆறிவிடும் என்பது வேறு விஷயம்.

ஆனால் ஒரு வீட்டில் மட்டும் இந்தத் தீர்ப்புச் செல்லாது. ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவரும் குழந்தை இருக்கும் வீடு அது.

"நம் வீட்டில் அப்படி யாரும் இல்லையே, நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் உங்களுக்கு உறவு இருந்தால் இந்த விஷயம் ஒரு நாள் உங்கள் வீட்டுக் கூடத்துக்கே வந்து சேரலாம். பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைகிற சீமை அது. அரியலூரில் சிமெண்டு ஆலைகள் இருக்கின்றன. 2022-ல் அங்கே அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. இருந்தாலும் குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும் அடையாறு, எழும்பூர், புதுவை ஜிப்மர் என்று பெரிய இடங்களைத் தேடித்தான் பலரும் வண்டி ஏறுகிறார்கள். அப்படி ஏறிவரும் உங்கள் நாத்தனாரோ ஒன்றுவிட்ட தங்கையோ சென்னையில் வேறு எங்கே போய்த் தங்குவாள்?

இந்தச் சிகிச்சை பத்து நாள், ஒரு மாதத்தில் முடிகிற காரியம் அல்ல. இரண்டரை, மூன்று வருஷம் ஆகும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் குழந்தை கிடப்பது அதில் கொஞ்ச நாள்தான். மீதி நாளெல்லாம் உங்கள் வீட்டிலும் அவர்களுடைய ஊரிலுமாகக் கழியும். ஆகையால் குழந்தையின் வாயைத் தினமும் பார்க்கப்போகிறவர் டாக்டர் அல்ல. நீங்கள், உங்கள் நாத்தனார், ஊரில் இருக்கும் அப்பாயி. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் ஒரு நல்ல செய்தி. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் பெரும்பங்கு 'லிம்போபிளாஸ்டிக்' என்ற வகை. இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் அதிகமாக வருவது. ஒரு காலத்தில் இது வந்தால் சில வாரம், சில மாதம் என்று நாள் எண்ண வேண்டியதுதான். இன்று வசதி படைத்த நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைத்து வளர்ந்து பெரியவர்களாகிறார்கள். நம் நாட்டிலும் நல்ல ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலான குழந்தைகளைக் காப்பாற்ற முடிகிறது.

இந்த மாறுதலுக்கு வழி திறந்தவர்களில் ஒருவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்பது உங்களுக்குத் தெரியுமோ? எல்லாப்ரகட சுப்பாராவ் என்பது அவர் பெயர். பீமவரத்தில் பிறந்தவர். அவருடைய சகோதரர்களை 'ஸ்ப்ரூ' என்னும் வியாதி கொண்டுபோயிற்று. வயிற்றைக் கெடுத்து, ரத்தத்தை வற்றவைத்து, நாக்கையும் வாயையும் புண்ணாக்கிவிடும் நோய் அது. பிறகு சுப்பாராவ் அமெரிக்கா போய், அங்கே லெடர்லி என்ற மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினைச் செயற்கையாகச் செய்துகாட்டிய குழுவை நடத்தினார். கர்ப்பிணிகளுக்கு டாக்டர் கொடுக்கிறாரே, அதே ஃபோலிக் அமிலம்தான்.

பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு இந்த வைட்டமினைக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணிவதற்குப் பதிலாக வேகம் பிடித்ததுபோல் தோன்றிற்று. 'அப்படியானால் இதற்கு நேர் எதிரான ஒன்றைக் கொடுத்தால் என்ன?' என்று யோசித்தார். அந்த எதிர்மருந்தையும் சுப்பாராவின் ஆராய்ச்சிக்கூடமே செய்து அனுப்பியது. 1948-ல் ஃபார்பர் முடிவை வெளியிட்டார். பதினாறு குழந்தைகளில் பத்துப் பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியிருந்தது. சில மாத ஆறுதல்தான். ஆனாலும் அதற்கு முன்பு அதுகூட இருந்ததில்லை. சுப்பாராவ் அதே வருஷம் காலமானார். அந்த மருந்தின் தம்பியான மெத்தோட்ரெக்ஸேட்தான் இன்றைக்கும் இந்தக் குழந்தைகளுக்குக் கொடுக்கப்படுகிறது.

கதைக்காக இதைச் சொல்லவில்லை. ஃபோலிக் அமிலம் போதாவிட்டால் வாய் புண்ணாகும். மெத்தோட்ரெக்ஸேட்டோ அந்த வைட்டமினை வேலை செய்ய விடாமல் தடுப்பதற்காகவே கொடுக்கப்படும் மருந்து. ஆகவே இந்தக் குழந்தையின் வாய்ப்புண்ணுக்கு நீங்கள் செய்த சமையலும் காரணமில்லை, வெயிலும் காரணமில்லை. நோயைத் துரத்துகிற மருந்தே புண்ணையும் கொண்டுவருகிறது.

ஏன் குறிப்பாக வாய்? புற்றுநோய் அணுக்கள் வெகு வேகமாகப் பெருகுகிறவை. வேகமாகப் பெருகுகிற எதையும் இந்த மருந்துகள் தாக்கும். இவன் நல்லவன், இவன் கெட்டவன் என்று அவற்றுக்குப் பார்க்கத் தெரியாது. தலைமுடி கொட்டுவது அதனால்தான். நம் வாயின் உட்தோலும் அப்படி வேகமாக வளர்வதே. ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பழைய தோல் போய்ப் புதுத்தோல் வந்துகொண்டே இருக்கும். மருந்து ஏறியதும் புதுத்தோல் வளர்வது நின்றுபோகிறது. பழையது தேய்ந்து, சிவந்து, புண்ணாகிறது. மருந்து ஏறி ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் சாதாரணமாக இது தலைகாட்டும்.

அதே நாட்களில்தான் ரத்தத்தில் வெள்ளை அணுக்களும் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். கிருமியை எதிர்த்து முதலில் ஓடிவரும் 'நியூட்ரோஃபில்' என்ற வெள்ளை அணு, ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1,500-க்கு மேல் இருக்கவேண்டும். அது 500-க்குக் கீழே போய்விட்டால் அபாயம். தோலும் போயிற்று, காவலும் போயிற்று! எல்லார் வாயிலும் எப்போதும் குடியிருக்கிற கிருமிகள், இவ்வளவு நாள் ஒரு தொந்தரவும் கொடுக்காதவை, அந்தப் புண் வழியாக ரத்தத்துக்குள் நுழைந்துவிடுகின்றன. சிகிச்சை நடக்கும்போது நம் நாட்டில் இந்தக் குழந்தைகள் சிலரை இழந்துவிடுகிறோமே, அதற்கு முக்கியமான காரணம் இப்படி ஏற்படுகிற தொற்றுதான். புற்றுநோயை ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வாய்ப்புண்ணிடம் தோற்றுப்போவதா?

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். சீழ் என்பது பெரும்பாலும் போராடி மடிந்த வெள்ளை அணுக்கள்தான். அந்த அணுக்களே இல்லாதபோது சீழ் எங்கிருந்து வரும்? வீக்கம்கூடப் பெரிதாகத் தெரியாமல் போகலாம். பார்வைக்குச் சின்னப் புண்ணாக இருக்கும். "இதுக்குப் போய் இவ்வளவு அமர்க்களமா?" என்று நினைக்கத் தோன்றும். அந்த நினைப்புத்தான் கெடுதல்.

வாயில் என்னென்ன வரும் என்று ஓரளவுக்குத் தெரிந்துகொள்ளலாம். அடிக்கடி வருவது பூஞ்சைக் காளான். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர்த் திப்பி ஒட்டினாற்போல் வெள்ளையாகப் படியும். துடைத்தால் அடியில் சிவந்திருக்கும், சில சமயம் ரத்தம் கசியும். சிகிச்சையில் 'ஸ்டீராய்டு' மாத்திரை கொடுக்கிற வாரங்களில் இது எளிதாக வந்துவிடும். அந்த மாத்திரையால் குழந்தைக்கு அகோரப் பசி வேறு எடுக்கும். நடுராத்திரி எழுந்து "அம்மா, ஏதாவது தா" என்று கேட்கும். பாவம் என்று பிஸ்கட்டையும் சர்க்கரைப் பாலையும் கொடுத்து அப்படியே தூங்கவைத்துவிடுகிறோம். கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பிறகு வாயைக் கொப்பளிக்க வைத்துத் தூங்கவையுங்கள்.

கைக்குழந்தைகளுக்கு நாக்கில் மாவு படிந்தால் மாசிக்காயைக் கல்லில் உரைத்துத் தடவுவது நம் வழக்கம். அந்த உரைகல்லைக் கொதிநீரில் போட்டு எத்தனை நாளாயிற்று என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். ஆரோக்கியமான குழந்தை அதைத் தாங்கிக்கொள்ளும். இந்தக் குழந்தை தாங்காது. காளானுக்கு டாக்டர் சொட்டு மருந்து கொடுப்பார். அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு வாயில் விட்டுக் கொஞ்ச நேரம் வைத்திருக்கச் சொல்லி, அப்புறம் அரை மணி நேரத்துக்குத் தண்ணீர் கொடுக்காதீர்கள். மருந்துக்கடையில் கேட்டுக் காளான் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடவும் கூடாது. அந்த மாத்திரைகளில் சில, குழந்தைக்கு ஏற்றுகிற வின்கிறிஸ்டின் என்ற மருந்தின் விஷத்தன்மையை உடம்பில் கூட்டிவிடும்.

வின்கிறிஸ்டின் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. நம் வாசல்களில் பூக்கும் நித்திய கல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படுவது அது. சுடுகாட்டு மல்லி என்று நாம் ஒதுக்கிவைத்த செடி! (அதற்காக இலையைப் பறித்துக் கஷாயம் போட்டுவிடாதீர்கள். அளவு தப்பினால் விஷம்.) இந்த மருந்து ஏறிய சில நாளில் குழந்தை தாடையைப் பிடித்துக்கொண்டு "பல் வலிக்குது" என்று அழலாம். பார்த்தால் பல்லில் சொத்தையே இருக்காது. நரம்பில் மருந்து செய்கிற வேலை அது, சில நாளில் அடங்கிவிடும். டாக்டரிடம் சொல்லுங்கள். பல்லைப் பிடுங்க ஓடாதீர்கள்.

அடுத்தது அக்கி. உதட்டு ஓரத்திலும் ஈறிலும் மேலண்ணத்திலும் கொத்துக் கொத்தாய் நீர்க் கொப்புளம் வந்து உடையும். தாங்க முடியாத எரிச்சல். குழந்தை எச்சிலை விழுங்கக்கூட மறுக்கும். நம் ஊர்களில் அக்கி என்றால் குயவர் வீட்டுக்குப் போய்க் காவி மண்ணைக் குழைத்து 'அக்கி எழுதி'க்கொண்டு வருவார்கள். வெடித்த கொப்புளத்தின்மேல் மண் படலாமா? இது வைரஸ் கிருமியால் வருவது. இதற்கு நல்ல மருந்து இருக்கிறது, சீக்கிரம் ஆரம்பித்தால் சீக்கிரம் கேட்கும்.

இன்னும் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. கொப்புளத்தைக் கண்டதும் "அம்மை வார்த்திருக்கு" என்று பெரியவர்கள் முடிவு கட்டிவிட்டால், வாசலில் வேப்பிலை செருகி, யாரையும் உள்ளே விடாமல், ஆஸ்பத்திரிப் பேச்சையே எடுக்கவிடமாட்டார்கள். பெரியவர்களை எதிர்த்துப் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் இந்தக் குழந்தைக்கு அம்மையே வந்தாலும் அது உயிருக்கு ஆபத்து. சின்னம்மை கண்ட வேறொரு குழந்தையுடன் விளையாடியது தெரிந்தால்கூட, கொப்புளம் வருகிற வரையில் காத்திராமல் அன்றைக்கே டாக்டருக்குத் தெரிவிக்கவேண்டும். வேப்பிலை வாசலில் இருந்துவிட்டுப் போகட்டும். குழந்தை ஆஸ்பத்திரியில் இருக்கட்டும்.

வேண்டுதல் விஷயமும் அப்படியே. பெரம்பலூர்ப் பக்கத்தில் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் சிறுவாச்சூர் மதுரகாளியம்மனை நினைக்காத தாய் அபூர்வம். சந்நிதி திறக்கும் திங்களும் வெள்ளியும் கூட்டம் நெரியும். வெள்ளை அணு இறங்கியிருக்கும் வாரத்தில் குழந்தையை அந்தக் கூட்டத்துக்குள் தூக்கிக்கொண்டு போகவேண்டாம். புண்ணான வாயில் விபூதியும் போடவேண்டாம், நெற்றியில் இட்டால் போதும். ரத்தப் பரிசோதனையில் எண்ணிக்கை ஏறி டாக்டரும் சரி என்ற பிறகு மாவிளக்குப் போட்டுக்கொள்ளலாம். அதுவரை பொறுத்திருக்க அம்மனுக்குத் தெரியும்.

வாய்ப்புண்ணுக்கென்று நாம் கடையில் சகஜமாகக் கேட்டு வாங்கும் 'பி காம்ப்ளெக்ஸ்' மாத்திரைக்கு வருகிறேன். அவற்றில் பலவற்றில் ஃபோலிக் அமிலம் கலந்திருக்கும். டாக்டர் எதைத் தடுக்க மருந்து கொடுக்கிறாரோ அதையே நாம் பின்வாசல் வழியாக ஊட்டினால் எப்படி? ஃபோலிக் சம்பந்தப்பட்ட மருந்தைச் சில சமயங்களில் டாக்டரே கணக்குப் பார்த்து, மணி பார்த்துக் கொடுப்பதுண்டு. அது அவர் வேலை. மணத்தக்காளிக் கீரையை நன்றாக வேகவைத்துப் பாசிப்பருப்புடன் மசித்துக் கொடுப்பதில் தவறில்லை. பச்சை இலையை மெல்லக் கொடுப்பது, பழத்தைக் கழுவாமல் செடியிலிருந்து பறித்துப் போடுவது, இவை இரண்டும்தான் கூடாது. தேனும் அப்படித்தான். கொம்பிலிருந்து எடுத்த மலைத்தேன், சுத்தம் என்று நினைத்துப் புண்ணில் தடவாதீர்கள். டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்ந்த ஒரு பயங்கரமான தவறைச் சொல்லாமல் விடக்கூடாது. சிகிச்சையின் பிற்பகுதியில் குழந்தைக்கு வீட்டிலேயே மாத்திரை கொடுக்கச் சொல்வார்கள். அதில் ஒரு மாத்திரை தினமும். மெத்தோட்ரெக்ஸேட்டோ வாரத்துக்கு ஒரே நாள்தான். இரண்டுமே சின்ன மாத்திரைகள். அம்மா வயலுக்கோ வேலைக்கோ போயிருப்பாள். அப்பாயி கண்ணாடி போடாமல் எடுத்துக் கொடுப்பார். வார மாத்திரை தினசரி மாத்திரையாகிவிடும். சில நாளில் வாய் முழுவதும் வெந்துபோன மாதிரி புண். இப்படித் திடீரென்று வாய் பூராவும் புண்ணானால் முதலில் மாத்திரைப் பட்டையை எடுத்து எண்ணிப் பாருங்கள். கணக்கு உதைத்தால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். இதற்கு மாற்று மருந்து உண்டு, ஆனால் அது காலத்தில் சேரவேண்டும். சுவரில் மாட்டியிருக்கும் தேதிக் காலண்டரில் வார மாத்திரை நாளைச் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிடுங்கள். கொடுத்த உடனே அதன்மேல் ஒரு கோடு. அந்த ஒரு மாத்திரையைத் தனி டப்பாவில் வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. "இந்த மாத்திரை ரொம்பச் சூடு, கொஞ்ச நாள் நிறுத்திப் பாரு கண்ணு" என்று வீட்டிலேயே நிறுத்திவிடுவது. புண் ஆறிவிடும், உண்மைதான். ஒளிந்திருக்கும் நோயும் தலைதூக்கும். மருந்தைக் குறைப்பதோ சில நாள் நிறுத்துவதோ ரத்தத்தைப் பார்த்து டாக்டர் முடிவு செய்யவேண்டியது.

சரி, தினமும் என்ன செய்வது? பெரிய வித்தை ஒன்றுமில்லை. மிக மிருதுவான குழந்தைப் பிரஷ், காலையும் இரவும். வேப்பங்குச்சி, உப்பு, கரித்தூள், சாம்பல் எதுவும் இந்த இரண்டு மூன்று வருஷத்துக்கு அந்த வாயருகே வரக்கூடாது. ஈறில் ரத்தம் கசிகிற நாட்களில் பிரஷ் வேண்டுமா என்று ஆஸ்பத்திரியில் கேளுங்கள். அப்போது சுத்தமான மெல்லிய துணியை விரலில் சுற்றி நனைத்துத் துடைத்துவிடச் சொல்வார்கள். பிரஷ்ஷை மூடிபோட்ட டப்பாவில் ஈரத்தோடு அடைக்காமல் நிமிர்த்தி வைத்து உலரவிடுங்கள். காளானோ அக்கியோ வந்து போனால் பழைய பிரஷ்ஷைத் தூக்கி எறிந்துவிடுங்கள். இருபது ரூபாயில் லோபித்தனம் வேண்டாம்.

கொப்பளிக்க: கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு தம்ளர், கால் டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் சமையல் சோடா. அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவை சாப்பிட்ட பிறகும், படுக்கப்போகும்போதும் கொப்பளித்துத் துப்பவேண்டும். கடையில் விற்கும் வாய் கொப்பளிக்கும் மருந்துகளில் சிலவற்றில் சாராயம் கலந்திருக்கும், புண்ணில் பட்டால் குழந்தை துடித்துவிடும். டாக்டர் பெயர் எழுதிக் கொடுத்ததைத் தவிர வேறு எதுவும் வாங்காதீர்கள். துப்பத் தெரியாத சின்னக் குழந்தைக்குத் துணியால் துடைப்பதே வழி. எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் கையை சோப்புப் போட்டு அலம்புங்கள்.

காலையில் பல் துலக்கியதும் ஜன்னல் பக்கம் நிறுத்தி, ஒரு டார்ச்சு விளக்கை வைத்துக்கொண்டு வாயைப் பாருங்கள். உதட்டின் உட்புறம், இரண்டு கன்னம், ஈறு, நாக்கின் மேல், நாக்கின் கீழ், அண்ணம். ஒரு நிமிஷ வேலை. நாக்கின் அடிப்பக்கத்தை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். நேற்று இல்லாத சிவப்பு, வெள்ளை, கொப்புளம், ரத்தம் எது தெரிந்தாலும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். கையில் போன் இருக்கிறதே, ஒரு படமும் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள். டாக்டருக்கு ஆயிரம் வார்த்தை சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

சாப்பாட்டில் முறுக்கு, தட்டை, மொறுமொறுப்பான தோசை ஓரம், கரும்பு, இவை வாயைக் கீறும். புளியும் காரமும் எரியும். வெதுவெதுப்பாகக் குழைந்த இட்லி, நெய் விட்ட பருப்புச் சாதம், கஞ்சி, ரவைப் பாயசம், வாழைப்பழம் போகும். சூடாக எதுவும் வேண்டாம். புண் வலியில் குழந்தை ஒரு நாள் முழுதும் தண்ணீர்கூடக் குடிக்காவிட்டால், மூத்திரம் குறைந்துவிட்டால், அதை அடம் என்று எண்ணிக் கோபிக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நேரம் அது.

ஜுரத்தைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசப்போகிறேன். வெப்பமானியில் 100.4 டிகிரி காட்டிவிட்டால், வாயில் புண் இருந்தாலும் இல்லாவிட்டாலும், "காலையில் பார்க்கலாம்" என்பது இந்தக் குழந்தைக்குக் கிடையாது. ஜுர மாத்திரையைக் கொடுத்து ஜுரத்தை மறைத்துவிட்டுத் தூங்கப்போவதும் கிடையாது. தெருமுனை டாக்டரிடம் போய் இடுப்பில் ஒரு ஊசி போட்டுக்கொண்டு வருவதும் கிடையாது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருக்கும்போது ஊசி போட்ட இடத்தில் உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும். இந்தக் குழந்தைக்கு வேண்டியது கிருமியைக் கொல்லும் மருந்து நேரே ரத்தக் குழாயில். ஆஸ்பத்திரிக்குள் கால் வைத்த ஒரு மணி நேரத்துக்குள் அது ஏறவேண்டும் என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு.

இங்கேதான் ஊர்த்தூரம் குறுக்கே நிற்கிறது. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. சென்னைக்குச் சாலை வழியாக ஐந்து மணி நேரம் பிடிக்கும். அரியலூரில் ரயில் நிற்கும், ஆனால் ராத்திரி ஜுரம் வந்தால் ரயில் நேரத்துக்காக அது காத்திருக்குமா? "நம்ம டாக்டர் மெட்ராஸிலேதான் இருக்கார், அங்கேயே போயிடலாம்" என்று விடியற்காலை பஸ்ஸுக்குக் காத்திருப்பதைவிட, 108-க்குப் போன் செய்து பக்கத்திலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரியலூர்க்காரர்களுக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி உள்ளூரிலேயே இருக்கிறது. பெரம்பலூரில் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி இருக்கிறது, இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் திருச்சி. அங்கே முதல் மருந்து ஏறட்டும். பிறகு அவர்களே சென்னை டாக்டருடன் பேசி எங்கே அனுப்புவது என்று தீர்மானிக்கட்டும். இதற்காகச் சிகிச்சைப் புத்தகம், கடைசி ரத்தப் பரிசோதனைச் சீட்டு, டாக்டரின் போன் நம்பர் மூன்றும் ஒரே பையில் எப்போதும் தயாராக இருக்கவேண்டும். "புற்றுநோய் மருந்து ஏறிக்கொண்டிருக்கும் குழந்தை, ஜுரம்" என்ற வார்த்தைகளை வாசலிலேயே உரக்கச் சொல்லிவிடுங்கள். வரிசையில் உட்கார்ந்து முறைக்காகக் காத்திருக்காதீர்கள்.

பணத்தைப் பற்றிய கவலை யாருக்கும் இருக்கும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தச் சிகிச்சைக்கு இடம் உண்டு. ரயிலில் புற்றுநோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் கட்டணச் சலுகை உண்டு, ஆஸ்பத்திரியில் அதற்கான சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் அந்த ஆஸ்பத்திரியை ஆரம்பித்தபோது கட்டில்கள் பன்னிரண்டுதான். புற்றுநோய்க்குத் தன் சொந்தத் தங்கையைப் பறிகொடுத்தவர் அவர். பணமில்லாதவர் திரும்பிப் போகக்கூடாது என்ற எண்ணத்தில் தொடங்கியது அது. கேட்பதற்குக் கூச்சப்படவேண்டாம் என்று உங்கள் நாத்தனாரிடம் சொல்லுங்கள்.

கடைசியாகப் பல். சிகிச்சை ஆரம்பிக்கும்போதே பல் டாக்டரிடம் ஒரு தடவை காட்டி, சொத்தை இருந்தால் அடைப்பதோ எடுப்பதோ புற்றுநோய் டாக்டர் சொல்கிற நாளில் முடித்துவிடவேண்டும். நடுவில் தானாகப் போய்ப் பல் பிடுங்கிக்கொள்ளக் கூடாது. ரத்த எண்ணிக்கை பார்க்காமல் பிடுங்கினால் ரத்தம் நிற்காது, தொற்றும் ஏறும். ஐந்து வயதுக்குள் இந்த மருந்துகள் ஏறிய குழந்தைகளுக்குப் பிற்பாடு முளைக்கும் பற்கள் சிறுத்தோ வேர் குட்டையாகவோ வரலாம். ஆகையால் சிகிச்சை முடிந்த பிறகும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காட்டிக்கொண்டிருப்பது நல்லது.

ஆறேழு வயதுக் குழந்தையானால் இந்த நாட்களிலேயே பால் பல்லும் ஆடத் தொடங்கும். அண்ணனோ தாத்தாவோ நூல் கட்டி இழுக்க வருவார்கள். விடாதீர்கள். குழந்தையையும் விரலால் ஆட்டவேண்டாம் என்று சொல்லிவையுங்கள். தானாக விழுந்தால் சுத்தமான துணியை வைத்துச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். கால் மணி நேரத்தில் ரத்தம் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி. நின்றுவிட்டால் வழக்கம்போலப் பல்லைச் சாணத்தில் உருட்டிக் கூரைமேல் எறிந்துகொள்ளலாம். எறிகிறவர் மட்டும் கையை நன்றாக சோப்புப் போட்டு அலம்பிவிட்டுக் குழந்தையிடம் வரட்டும்.